பாயிண்ட் டப்பா

அப்பாவின் அம்பாசடர் டிக்கியில், ஸ்டெப்னிக்கும் ஜாக்கிக்கும் நடுவே, ஒரு மிட்டாய் டப்பா எப்போதும் கிடக்கும். தகர டப்பா. மூடியில் இருந்த படமெல்லாம் தேய்ந்துபோய் வெறும் சிவப்புதான் மிச்சம். உள்ளே ஒரு செட் கான்டாக்ட் பாயிண்ட், ஒரு கன்டென்சர், ரோட்டர், இரண்டு பிளக், உப்புத்தாள் ஒரு துண்டு, ஏதோ கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு அட்டை. எல்லாவற்றையும் எங்கள் கட்டிங் டேபிளில் மிஞ்சிய வெள்ளை பனியன் துணியில் சுற்றி வைத்திருப்பார். வீட்டில் அதற்குப் பெயர் பாயிண்ட் டப்பா. பழனிக்கோ ஈரோட்டுக்கோ கிளம்பினால் அம்மா தண்ணீர்க் கூஜா ஏறிவிட்டதா என்று பார்ப்பாள். அப்பா பாயிண்ட் டப்பா இருக்கிறதா என்று பார்ப்பார்.

அந்தப் பத்திரிகை அட்டைக்கு அங்கே என்ன வேலை என்பது எனக்கு 1987-ல் தெரிந்தது. அப்போது பதினொரு வயது. திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் பனியன் கம்பெனி. கம்பெனி என்றால் இரண்டு நிட்டிங் மெஷின், ஒரு பவர் டேபிள், பத்துப் பன்னிரண்டு ஆட்கள். கல்கத்தா பார்ட்டிக்குப் போகவேண்டிய பண்டல்களை ரயில்வே பார்சல் ஆபீசில் போட அப்பா காரிலேயே கொண்டுபோவார். அன்று ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் வண்டி இரண்டு தடவை திணறிவிட்டு நின்றுபோனது. கூட வந்த ஆள் யூனியன் மில் ரோட்டில் இருந்த மெக்கானிக் பட்டறைக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் பட்டறை மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கினார், ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை.

"கண்ணு, லைட்டை இப்படிக் காட்டு சாமி."

டார்ச்சை என் கையில் கொடுத்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் கட்டை விரலால் தள்ளித் திறந்தார். உள்ளே நகக்கண் அளவுக்கு இரண்டு சின்ன உலோகப் பொட்டு, ஒன்றையொன்று பார்த்தபடி. ஒன்றில் குழி விழுந்திருந்தது, மற்றதில் சின்னதாக ஒரு மேடு. உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு நாலு இழுப்பு இழுத்தார். பிறகு ஃபேனைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, பொட்டுகள் அதிகபட்சம் விலகும் இடத்தில் நிறுத்தினார். ஃபீலர் கேஜ் அவரிடம் இல்லாமல் இல்லை. ராத்திரியில் அதிலுள்ள எண்ணை யார் படிப்பது? அப்பாவின் டப்பாவிலிருந்து பத்திரிகை அட்டையை எடுத்து அந்த இடைவெளியில் விட்டார். அட்டை லேசாகப் பிடித்து வழுக்கி வெளியே வரவேண்டும். ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினைந்து பங்கு, அவ்வளவுதான் கணக்கு. திருப்பூரில் பத்திரிகை அட்டைக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

"இது மூடியிருக்கறப்ப காயில் கரண்டைச் சேத்து வெக்கும். தொறந்தாத்தான் பொறி. தொறக்கறதுதான் வேலை, பாத்துக்க."

பதினொரு வயதுப் பையனுக்கு அதைச் சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் சொன்னார். கையில் லைட் பிடிக்கிறவனுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவேண்டும் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். மூடியை மாட்டி, பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார். அப்பா சாவியைத் திருகினார், வண்டி பிடித்தது. பண்டல் ரயிலேறியது.

பனியன் வேஸ்ட் என்று எழுதும்போதே அந்த வாசனை வருகிறது. தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பட்டறைக்குப் போனாலும் மெக்கானிக் கை துடைப்பது எங்கள் ஊர் கட்டிங் வேஸ்ட்டில்தான். மூட்டை மூட்டையாக எடைக்குப் போகும். மேஸ்திரியின் பட்டறை மூலையில் ஆள் உயரத்துக்கு அது குவிந்து கிடக்கும், நாங்கள் பிள்ளைகள் ஏறி விழுந்து விளையாடுவோம்.

அந்தக் காரை நான் கண்மூடிக் கொண்டாட வரவில்லை. வெயிலில் பல்லடம் ரோட்டில் ரேடியேட்டர் கொதித்து நிற்கும். மார்கழியில் தள்ளினால்தான் பிடிக்கும். கம்பெனிக்குள் நிறுத்தினால் நிட்டிங் பஞ்சு ஏர் ஃபில்டரில் படிந்து, ஒரு மாதத்தில் அது தலையணை மாதிரி ஆகிவிடும். அது விட்ட புகையை நாங்களும் எங்கள் தெருவும் குடித்தோம். ஆனால் அந்தக் காரில் எங்களுக்குத் தெரியாத இடம் என்று ஒன்று இல்லை. ஒரு பாகம் எங்களுக்குப் புரியவில்லை என்றால் நாங்கள் இன்னும் அதைத் திறந்து பார்க்கவில்லை என்று மட்டுமே அர்த்தம்.

பத்திரிகை அட்டையை வைத்து நாங்கள் பொறியைச் சரிசெய்துகொண்டிருந்த காலத்தில், வெளியுலகில் அந்த வேலை பொட்டிடமிருந்து பெட்டிக்குப் போய்விட்டிருந்தது. 1979-லேயே பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக், பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வந்துவிட்டது. எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி என்ற இரண்டையும் ஒரே கம்ப்யூட்டர் முடிவு செய்தது. நம் ஊருக்கு அதைக் கூட்டிவந்தது புகைச் சட்டம். 2000 ஏப்ரலில் நாடு முழுக்க யூரோ 1-க்கு இணையான விதி வந்தது. அதையடுத்து கார்புரேட்டர் மெல்ல மெல்ல விடைபெற்றது. கம்ப்யூட்டர் சொன்னபடி பெட்ரோலைப் பீச்சும் எம்.பி.எஃப்.ஐ. என்ற நாலு எழுத்து கார்களின் பின் கண்ணாடியில் ஒட்டப்பட்டு ஊருக்குள் வந்தது. பட்டறைகளின் வாசலிலும் போர்டு மாறியது: 'இங்கு எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் பார்க்கப்படும்.'

மேஸ்திரி அந்த போர்டை வைக்கவில்லை. 2001 வாக்கில் ஒரு சாயப்பட்டறைக்காரர் புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நானும் அங்கே இருந்தேன். மேஸ்திரி பானட்டைத் திறந்தார். கண் வழக்கம்போல டிஸ்ட்ரிபியூட்டரைத் தேடிப் போனது. அது இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கப்ளர், அதிலிருந்து விரல் தடிமனுக்கு ஒயர்க் கட்டு ஒன்று ஃபயர்வாலுக்குள் போனது. குனிந்து பார்த்தார், மறுபக்கம் போய்ப் பார்த்தார். பிறகு பானட்டைச் சத்தம் வராமல் மெதுவாக மூடினார்.

"இது நம்ம வண்டி இல்லீங்க. கோயமுத்தூருக்குக் கொண்டு போயிருங்க."

அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கை நடுங்கவில்லை, கண் மங்கவில்லை. தொழில் தெரிந்த ஒரு மனுஷன் தன் தொழிலிலேயே வெளியாள் ஆனதை நான் அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடுத்த சில வருஷங்களில் பட்டறையில் வண்டி குறைந்தது. மகன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நிட்டிங் பிட்டராகப் போனார். வேஸ்ட் குவியல் சின்னதாகிக்கொண்டே வந்தது. எங்கள் அம்பாசடரை அதற்கு முன்பே விற்றிருந்தோம். அதைச் செய்த உத்தர்பாரா ஆலையே 2014 மே மாதம் நின்றுபோனது.

இனி இந்தக் கதையில் மேஸ்திரியின் பேரன் வருகிறான். பெட்டியைத் திறந்து பார்க்கும் கைப்பழக்கம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பது முக்கியம், அது இந்த ஊர் கொடுத்தது.

பவர் டேபிள் காலத்தில் தையல் மெஷின்கள் எல்லாம் ஒரே ஷாஃப்ட்டில் ஓடின. பிறகு மெஷினுக்கு ஒரு கிளச் மோட்டார் வந்தது. இப்போது ஓவர்லாக், பேட்லாக் எல்லாவற்றுக்கும் சர்வோ மோட்டாரும் ஒரு கண்ட்ரோல் பாக்ஸும். நூலைத் தானே வெட்டும், ஊசியை மேலே நிறுத்தும், மக்கர் பண்ணினால் டிஸ்ப்ளேயில் ஒரு எரர் நம்பரைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். கரண்ட் ஏறி இறங்கும் ஊரில் அந்த பாக்ஸ்கள் கூட்டம் கூட்டமாகச் சாகும். ஷிப்மென்ட் தேதி நிற்குமா? புது பாக்ஸ் வரும்வரை இருபது டெய்லர் சும்மா உட்கார முடியாது, பீஸ் ரேட்காரருக்கு அன்றைய கூலியே போய்விடும். அதனால் கருகிய போர்டைத் திறந்து, பொசுங்கிய சிப்பைக் கண்டுபிடித்து மாற்றித் தருகிற பையன்களுக்கு இங்கே எப்போதும் வேலை உண்டு. பேரன் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு நாலு வருஷம் அதைத்தான் செய்தான். காரின் கம்ப்யூட்டர் பெட்டியும் அதே சாதிதான் என்று ஒருநாள் அவனுக்குப் புலப்பட்டது. தாத்தாவின் பட்டறையைத் திறந்து, பாதியைக் கண்ணாடித் தடுப்பு போட்டு மறைத்து, உள்ளே சால்டரிங் மேஜை வைத்தான்.

என் வண்டி 2012 மாடல் டீசல் கார். போன ஐப்பசியில் பெருமாநல்லூர் ரோட்டில் சைலன்சர் பிராக்கெட் ஒடிந்து தொங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த வெல்டிங் பட்டறையில் விட்டேன். அப்பா காலத்தில் ரோட்டோரத்தில் எத்தனையோ தடவை அம்பாசடரின் சேசிஸிலேயே வெல்டிங் போட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கழற்ற அவருக்கும் தோன்றவில்லை. பத்து நிமிஷ வேலை முடிந்து சாவியைத் திருகினால், ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. சாவி போட்டவுடன் எரியவேண்டிய மஞ்சள் எஞ்சின் விளக்கும் எரியவில்லை.

சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப் போனோம். மறுநாள் எஸ்டிமேட் வந்தது. அவர்களுடைய கம்ப்யூட்டர் வண்டியோடு பேசவில்லை, ஆகவே எஞ்சினை ஆளும் பெட்டியான ஈ.சி.எம். போய்விட்டது. புதுசு ஆர்டர் போட்டு வர இரண்டு மூன்று வாரம். ஒயரிங் கிட்டும் மாற்றவேண்டி வரலாம். புது ஈ.சி.எம். மட்டுமே நாற்பதாயிரத்தை நெருங்கியது. "எங்கே அளந்து பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் திகைத்துப்போய், சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அளக்க அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த வாரம் தூத்துக்குடிக்குப் போகவேண்டிய கன்டெய்னர் வேலைக்கு நான் நாலு ஊர் அலையவேண்டும். வண்டியை யூனியன் மில் ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏனுங்ணா, வெல்டிங்கா?" என்றுதான் முதலில் கேட்டான். "அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்லமாட்டனுங். ஆனா நடக்கறதுதான். மொதல்ல பாத்துரலாம்."

அவன் பார்த்த விதத்தை எழுதியே ஆகவேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் பதினாறு பின் சாக்கெட் இருக்கிறது. பதினாறாவது பின்னில் பேட்டரி கரண்ட், நாலிலும் ஐந்திலும் எர்த். மூன்றும் சரி. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆறாவது பின்னுக்கும் பதினாலாவதுக்கும் நடுவே மீட்டர் வைத்தான். 60 ஓம்.

"பெட்டிங்க ஒண்ணோட ஒண்ணு பேசற லைன் இதுங்ணா. ரெண்டு கடைசியிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், சேத்து அளந்தா 60 வரோணும். வந்துருச்சு. இந்த லைன்ல ஒயர் அறுபடலை, ஒட்டலை. ஒயரிங் கிட்டெல்லாம் எதுக்குங்?"

அடுத்து ஈ.சி.எம்.மின் கப்ளரைக் கழற்றினான். நான் பழக்கதோஷத்தில் பக்கத்தில் கிடந்த பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைக்கப் போனேன். "அய்யோ, வேண்டாங்ணா!" என்று கையைப் பிடித்துவிட்டான். முடிபோன்ற அந்தப் பின்களுக்குள் ஒரு நூல் பிசிறு போனாலும் போதும், தொடுப்பு விட்டுவிட்டு வரும், ஆறு மாதம் தேடினாலும் கிடைக்காது. ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் மட்டும்தான். உலகத்துக்கே பனியன் கொடுக்கிற ஊரில் ஒரு பிசிறுக்கு இவ்வளவு பயம்.

பேட்டரியை மறுபடி மாட்டி, கப்ளரில் கரண்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்த்ததோடு அவன் விடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்தான், இரண்டு ஒயர் பற்றவைத்தது. தாத்தாவுடையது. கரண்ட் பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவே அதை மாட்டினான். பளிச்சென்று எரிந்தது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரில்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடுமாம். பல்பு உண்மையாகவே கரண்ட் இழுப்பதால் ஒயரின் பலம் தெரிந்துவிடும். ஆக, பெட்டிக்குள் போவது எல்லாம் சரியாகப் போகிறது. பெட்டியிலிருந்து வெளியே வருவது?

சென்சார்களுக்கு ஈ.சி.எம். 5 வோல்ட் கொடுக்கவேண்டும். கப்ளரை மறுபடி மாட்டிவிட்டுப் பார்த்தால் பூஜ்யம். அங்கேயே தீர்ப்பு எழுதிவிடலாம் என்று நான் நினைத்தேன். அவன் எழுதவில்லை. ஏதோ ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி அந்த 5 வோல்ட்டைத் தரைக்கு இழுத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் சில ஆயிரம் ரூபாய் சென்சாருக்காக நல்ல ஈ.சி.எம்.மைக் குப்பையில் போட்டுவிடுவோம். ஒவ்வொரு சென்சார் கப்ளராகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் மீட்டரைப் பார்த்தான். ரெயில் பிரஷர், மிதி, பூஸ்ட், கேம். கடைசிக் கப்ளரும் கழன்றது. பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

"இப்பச் சொல்லலாங்ணா. பெட்டி போயிருச்சு."

தடுப்புக்கு வெளியே பெஞ்சில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். எழுபத்தேழு வயது. காது சுத்தமாகக் கேட்பதில்லை. பேரன் கப்ளர்களைக் கழற்றும் வரிசையை மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெட்டி என்னதான் செய்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். எஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றில் ஓடினால், ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 25 தடவை டீசல் பீச்சவேண்டும். நாலுக்கும் சேர்த்து நூறு. ஒவ்வொரு பெரிய பீச்சுக்கும் முன்னால் சத்தத்தை அடக்க ஒரு குட்டிப் பீச்சு வேறு. பத்திரிகை அட்டையால் அளக்கிற காரியம் இல்லை இது. புகையும் குறைந்தது, மைலேஜும் கூடியது என்றால் இந்தக் கணக்கால்தான். இந்த அறிவை நான் மனதார மதிக்கிறேன்.

சென்னை புதுப்பேட்டையிலிருந்து ஒரு பழைய ஈ.சி.எம். ஆம்னி பஸ் பார்சலில் வந்தது. ஒன்பதாயிரம் ரூபாய். பார்ட் நம்பர், ஹார்டுவேர் நம்பர், சாஃப்ட்வேர் நம்பர் மூன்றும் கடைசி எழுத்துவரை ஒத்துப்போகிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகுதான் வாங்கினான். மாட்டிச் சாவியைத் திருகியதும் எஞ்சின் பிடித்தது. ஒரு நொடி. உடனே அணைந்தது. டேஷ்போர்டில் சாவிப் படம் சிமிட்டியது.

காரணம் இம்மொபிலைசர். சாவித் தலைக்குள் கடுகளவு சிப் ஒன்று இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள காயில் அதைக் கேட்டு, ரகசியம் ஒத்துப்போனால் மட்டுமே ஈ.சி.எம். டீசலைத் திறந்துவிடும். புதுப்பேட்டைப் பெட்டி வேறு ஏதோ சாவியை நினைத்துக்கொண்டிருந்தது. எங்கோ அடிபட்டு நொறுங்கிய ஒரு காரின் சாவி.

கண்ணாடித் தடுப்புக்குள் என்னையும் விட்டான். ஹாட் ஏர் காட்டி, பிளேடால் கோந்தை அறுத்து, இரண்டு பெட்டிகளையும் திறந்தான். என்னுடையதில் பவர் சப்ளை சிப்பின் மேல் ஊசிமுனை அளவு கருப்புப் புள்ளி. மூக்கருகே கொண்டுபோனால் கருகல் வாடை. அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி எட்டுக் கால் மெமரி சிப் ஒன்று, ஒரு சேதமும் இல்லாமல் இருந்தது. சாஃப்ட்வேர் நம்பர் ஒன்றே என்பதால் பெரிய புரோகிராம் அப்படியே இருக்கட்டும் என்றான். இந்த வண்டிக்கே உரிய சேசிஸ் நம்பர், சாவி ரகசியம், இன்ஜெக்டர் எண்கள் எல்லாம் அந்த எட்டுக் கால் சிப்பில். கழற்றிப் படித்தான். மறுபடி படித்தான். இரண்டு ஃபைலையும் ஒப்பிட்டு ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று கண்ட பிறகே அடுத்த வேலை. புதுப்பேட்டைப் பெட்டியில் இருந்ததையும் படித்துத் தனியாகச் சேமித்துக்கொண்டான், அழிந்தால் திரும்பாது என்று. அப்புறம் எழுதினான். மொத்தமே சில கிலோபைட். நாங்கள் பனியன் பட்டையில் ஒட்டும் லேபிள் டிசைன் ஃபைல் அதைவிடப் பெரிது.

அதற்கு முன் ஒரு வேலை செய்திருந்தான். என் ஆர்.சி. புக்கையும் ஆதாரையும் வாங்கி, சேசிஸ் நம்பரை வண்டியில் உள்ளதோடு சரிபார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினான். இந்த வித்தை திருடனுக்கும் உதவும் என்பது அவனுக்குத் தெரியும். முகம் தெரியாத வண்டியை அவன் தொடுவதில்லை.

திருடனுக்குப் பூட்டு போடுவதை யார் வேண்டாம் என்பார்கள்? என் வருத்தம் வேறு. இவன் இதைக் கற்றுக்கொள்ள எந்தக் கம்பெனியும் ஒரு தாள் காட்டவில்லை. செத்த பெட்டிகளை எடைக்கு வாங்கி, பிரித்து, தானே கற்றான். மேஸ்திரிக்கு அம்பாசடரைக் கற்கத் தடையாக இருந்தது அவருடைய அறியாமை மட்டும்தான், அதை உழைத்துத் தாண்டினார். பேரனுக்கு முன்னால் நிற்பது வேறொருவர் போட்ட கதவு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறைகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸும் சோதனைக் கருவிகளும் கிடைக்காமல் செய்கிறார்கள் என்பதே குற்றம், அவற்றைத் திறந்துவிடச் சொன்னது உத்தரவு. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளத்தையே தொடங்கியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-லேயே இதற்காக ஓட்டுப் போட்டு ஜெயித்துவிட்டார்கள். யூனியன் மில் ரோட்டில் இந்தப் பையன் இன்னமும் செத்த பெட்டியைப் பிரித்துத்தான் படிக்கிறான்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், இந்த ஊரே இப்படிப் பிரித்துப் பார்த்து வளர்ந்த ஊர். வெளிநாட்டிலிருந்து செகண்ட் ஹேண்டில் வந்த நிட்டிங் மெஷினை, புத்தகம் இல்லாமல், பாஷை தெரியாமல், கழற்றி மாட்டி ஓட்டியவர்கள் எங்கள் பிட்டர்கள். சிங்கர் டெய்லராக உட்கார்ந்தவர்கள் முதலாளி ஆனார்கள். மெஷின் அன்றைக்கே பூட்டிக்கொண்டு வந்திருந்தால் என் அப்பா கடைசிவரை இன்னொருவர் கம்பெனியில் கைமடித்துக்கொண்டிருந்திருப்பார்.

பெட்டியை மூடி, புதுக் கோந்து பூசி, வண்டியில் மாட்டினான். சாவியைத் திருகினேன். பிடித்தது. ஒரு நொடி, இரண்டு, பத்து. ஓடியது. எனக்குத் தொண்டை அடைத்தது.

அவன் இன்னும் முடிக்கவில்லை. பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, ஸ்கேனரைச் சாக்கெட்டில் செருகி, இன்ஜெக்டர் எண்களை வரவழைத்தான். ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் தொழிற்சாலையில் பொறித்த ஓர் எண் உண்டு. அது எவ்வளவு கூடக்குறையப் பீச்சும் என்ற ஜாதகம். அதற்கேற்ப ஈ.சி.எம். கணக்கைத் திருத்திக்கொள்ளும். டார்ச் அடித்துத் தலையில் இருப்பதைப் படிக்கச் சொன்னான். நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன், அவன் ஸ்கிரீனில் பார்த்துக்கொண்டே வந்தான். ஒன்று, இரண்டு சரி. மூன்றாவது ஒத்துப்போகவில்லை.

"இதை எப்பங்ணா மாத்துனீங்க?"

நாலு வருஷத்துக்கு முன்னால். மாட்டியவர்கள் எண்ணை எழுதாமலே விட்டுவிட்டார்கள். நாலு வருஷமாக சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டியில் ஓர் உதறல். வயதாகிவிட்டது என்று நானும் பழகிக்கொண்டிருந்தேன்.

அவன் தாத்தாவைக் கையசைத்துக் கூப்பிட்டான். மேஸ்திரி எழுந்து வந்தார். காது கேட்காதவர், ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் ஃபெண்டர் மேல் உள்ளங்கையை வைத்தார். முகம் சுருங்கியது. மூன்று விரலைக் காட்டினார். நாலுக்கு ஒன்று தப்பித் தட்டுகிறது என்பதைக் கையைக் குலுக்கிக் காட்டினார். பேரன் தலையாட்டிவிட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை ஆனிலேயே வைத்துப் புது எண்ணை அடித்தான். எழுதும்போது யாரும் கதவைத் திறக்கவோ ஹார்ன் அடிக்கவோ கூடாது. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் பாதியில் நின்றுவிடும் என்று எங்களை ஒதுக்கி நிறுத்தினான். முடிந்ததும் சாவியை எடுத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி ஸ்டார்ட் செய்தான். மேஸ்திரி மீண்டும் கையை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"இப்ப ஒரே சீரா இருக்கு," என்றார், சத்தமாக.

கிளம்பும்போது பேரன் ஒரு பென் டிரைவைக் கொடுத்தான். "மூணு ஃபைல் இருக்குதுங்ணா. உங்க பழைய பெட்டிது, அந்தப் புதுப்பேட்டைது, இப்ப திருத்துனது. நாளைக்கு நான் இல்லாட்டியும் எவன் வேணாலும் இதை வெச்சு வண்டிய எழுப்பிரலாம். வெயில்ல கார்ல போட்டுராதீங்க."

வீட்டில் பீரோவின் அடித்தட்டில் பாயிண்ட் டப்பா இன்னும் இருக்கிறது. அம்பாசடரை விற்றபோது அப்பா அதை மட்டும் கொடுக்கவில்லை. மூடி இறுகிப்போயிருந்தது, ஸ்பூன் காம்பால் நெம்பித் திறந்தேன். துணி பழுத்து மஞ்சளாகியிருந்தது. பாயிண்ட், கன்டென்சர், உப்புத்தாள் எல்லாம் அப்படியே. அந்தப் பத்திரிகை அட்டையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை பெயரும் இல்லை, பெண் பெயரும் இல்லை. முகூர்த்த நேரத்தில் பாதி மட்டும் தெரிந்தது. பென் டிரைவை அதன் பக்கத்தில் வைத்து, அதே துணியில் சுற்றி மூடினேன்.